வளர்பிறை நகரில் ஓர் ஏரி கண்டெடுக்கப்பட்ட வரலாறு

நாட்டுக்கு வளர்ச்சி முக்கியமா, காலநிலை முக்கியமா என்று டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து தினமும் கத்துகிறார்கள். எங்களைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடித்து வைத்திருப்போம். யாரும் கேட்கவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் வளர்பிறை நகர் வரும். அங்கே வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம், ஸ்கேல் வைத்து அளக்கலாம், கால் தடுக்கி விழவும் விழலாம். எங்கள் ரோட்டைத்தான் சொல்கிறேன்.

மற்ற ஊர்களில் ரோடு தேயும். எங்கள் ஊரில் வளரும். பழைய ரோட்டின் மேல் புது ரோடு, அதன் மேல் அதைவிடப் புது ரோடு. தேர்தல் வந்தால் ஓர் அடுக்கு, அமைச்சர் வந்தால் ஓர் அடுக்கு, மார்ச் மாதத்துக்குள் நிதியைத் தீர்த்தாக வேண்டும் என்றால் அதற்கும் ஓர் அடுக்கு. நான் குடிவந்த புதிதில் வாசற்படி இறங்கித்தான் தெருவுக்குப் போவேன். பிறகு சமதளமாக நடந்து போனேன். அப்புறம் தெருவுக்குப் போகப் படி ஏற வேண்டியதாயிற்று.

ரோடு போடுகிற ஒப்பந்தக்காரர் துரைராஜ். இந்த ஊரின் பூர்வ குடும்பம். அவர் தாத்தா இங்கே நெல் போட்டார், அப்பா மனை போட்டார், இவர் ரோடு போடுகிறார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன்.

"இன்னா சார் நீங்க," என்று அவர் வருத்தப்பட்டார். "ஊரு மேல போய்கினு கீது. நீங்க இன்னாடான்னா கீய எறக்கு எறக்குன்றீங்க. ஏறுன ரோட்டை எறக்குனா அது ஊருக்கு அவமானம் சார்."

ஊருக்கு அவமானம் என்ற பிறகு நாங்கள் பேசுவோமா? ரோட்டை இறக்க முடியாது, சரி. வீட்டை ஏற்றலாமே! வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அஸ்திவாரத்தை உடைத்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி வீட்டையே தூக்கினார்கள். முதலில் தூக்கியவர் எங்கள் நலச் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசன். நாவலூரில் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் 'ப்ராசஸ்' என்பார். அவர் மூன்றடி தூக்கினார். எதிர்வீட்டுக்காரர் மூன்றரை தூக்கினார். ஸ்ரீநிவாசனுக்குத் தூக்கம் வரவில்லை. ஜாக்கிக்காரர்களை மறுபடி வரவழைத்து இன்னும் ஓரடி போட்டார்.

அதோடு அது ஒரு நாகரிகமாகிவிட்டது. வீடு தூக்கினால் கார்டு அடித்து, சாப்பாடு போட்டு, மறுபடியும் கிரகப்பிரவேசம் செய்ய ஆரம்பித்தோம். பால் காய்ச்சும்போது ஐயரே "எத்தனை அடி?" என்று கேட்டுவிட்டுத்தான் மந்திரத்தைத் தொடங்கினார். பெண் பார்க்க வந்தவர்கள் "சொந்த வீடா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "தூக்கின வீடா, தூக்காத வீடா?" என்று விசாரித்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊர் மேலே போகும்போது நான் மட்டும் கீழே கிடக்கலாமா? நானும் தூக்கினேன்.

தூக்காதவர் ஒரே ஒருவர். மூன்றாவது தெரு முனையில் குடியிருந்த தசரதன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் மனைவி கோகிலவாணி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேர் சம்பளமும் அந்த வீட்டுக்குள்தான் போயிருந்தது. கொத்தனார் வைத்த ஒவ்வொரு வரிசைச் செங்கல்லையும் டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர்களுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு ஆசையும் இல்லை. கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்களும் தூக்கிடுங்க சார்," என்று நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம்.

"என் வீடு இடத்தை விட்டு நகரலை சார். நகர்ந்தது ரோடு," என்றார் தசரதன். "யார் நகர்ந்தாங்களோ அவங்கதான் பழைய இடத்துக்குப் போகணும். ரயில்வேயில அப்படித்தான்."

டீச்சர் என்ன நினைக்கிறார் என்று நான்தான் கேட்டேன். "இவர் சொல்றது நியாயம்தான்," என்றார் அவர். "நியாயம் இப்ப முழங்கால் வரைக்கும் வந்திருக்கு. இடுப்புக்கு வந்தா யோசிக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

தண்ணீருக்குப் படிப்பு கிடையாது. பள்ளத்தைப் பார்த்தால் போய்விடும். நாங்கள் எல்லாரும் மேலே போய்விட்டதால் எட்டுத் தெருத் தண்ணீரும் தசரதன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. ஐப்பசியில் வந்தால் தை வரை தங்கியது. அவர் மோட்டார் போட்டு இறைப்பார், அது தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி அவர் வீட்டுக்கே வரும். கடைசியில் மனு எழுதிக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

அந்த அலுவலகத்தில் முதல் மாடி வளர்ச்சிப் பிரிவு. இரண்டாம் மாடி காலநிலைப் பிரிவு. நடுவில் படிக்கட்டு உண்டு, ஆனாலும் இரண்டு பிரிவும் தபாலில்தான் பேசிக்கொள்ளும். முதல் மாடியில் உதவிப் பொறியாளர் தினகரன் எங்களை உட்காரச் சொன்னார். மிகவும் மரியாதையான மனிதர்.

"உங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏன் வருது சார்?" என்று கேட்டார்.

"ரோடு உயரமாயிடுச்சு. அதனால."

"இல்லை. மழை பெய்யுது, அதனால. மழையே பெய்யலைன்னா, ரோடு எவ்வளவு உயரமா இருந்தாலும் தண்ணி வருமா?"

தசரதன் யோசித்தார். "வராது," என்றார்.

"அப்ப ரோட்டு மேல குற்றம் இல்லை. மழை மேலதான். மழை ஏன் இப்படிக் கொட்டுது? க்ளைமேட் மாறிடுச்சு. அது ரெண்டாவது மாடி."

"சார், ரோட்டைக் கொஞ்சம் சுரண்டி இறக்கினீங்கன்னா..."

தினகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் ரோடு இவ்வளவு உயரம்னு மேலே அறிக்கை போயிருக்கு. இந்த வருஷம் குறைஞ்சா, வளர்ச்சி ஏன் பின்னாடி போச்சுன்னு கேப்பாங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன் சார்."

இரண்டாம் மாடிக்கு ஏறினோம். அங்கே சுவரில் ஒரு பனிக்கரடி படம். அறையும் பனிக்கரடிக்குத் தோதான குளிரில் இருந்தது. காலநிலை ஆலோசகர் மிருதுளா சின்ன வயசு, நல்ல பெண். எங்கள் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். மனு காகிதத்தில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கலங்கினார்.

"எக்ஸ்ட்ரீம் ரெயின் எங்க சப்ஜெக்ட்தான் சார்," என்றார். "ஆனா அது வானத்துலேர்ந்து தரைக்கு வர்ற வரைக்கும்தான். தரையில விழுந்துட்டா அது தண்ணி தேங்கறது. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்."

"அப்ப தரையில விழறதுக்கு முன்னாடியே புடிச்சு உங்ககிட்ட கொண்டு வந்துடணுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெயின் வாட்டர் ஹார்வெஸ்டிங்! எக்ஸாக்ட்லி மேடம்!" என்று மிருதுளா கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு மனு மாடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 'மேற்படி மழையானது தங்கள் பிரிவைச் சார்ந்தது என்பதால் உரிய நடவடிக்கைக்காக அன்புடன் அனுப்பப்படுகிறது' என்று கீழே இருந்து போகும். 'மேற்படி மழையானது தரையைத் தொட்டுவிட்டது என்பதால் அன்புடன் திருப்பப்படுகிறது' என்று மேலே இருந்து வரும். அன்புக்குக் குறைவே இல்லை. தசரதன் வீட்டில் தண்ணீருக்கும் குறைவில்லை.

இதற்கிடையில் இரண்டு மாடிக்கும் பெரிய சண்டை மூண்டது. எங்கள் வார்டில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. அதன் பெரும்பகுதியில்தான் எங்கள் நகர் இருக்கிறது என்று துரைராஜ் சொல்வார். அவரைப் போன்றவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மீதியாக ஒரு மூலையில் கொஞ்சம் ஏரி ஒட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் வடிகிற கால்வாயும் அதில்தான் போய்ச் சேரும். அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் கட்ட முதல் மாடி முடிவு செய்தது. வார்டுக்கு ஒரு நீர்நிலையாவது இருந்தாக வேண்டும், மாற்று நீர்நிலை காட்டாமல் ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டோம் என்று இரண்டாம் மாடி மறித்தது. மாற்று நீர்நிலைக்கு எங்கே போவது? வார்டில் காலி இடம் ஒரு சதுர அடி கிடையாது. வளர்ச்சியா, காலநிலையா என்று பேப்பரில்கூடத் தலைப்புப் போட்டார்கள். கேன்டீனில் இரண்டு மாடிக்காரர்களும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், பழைய மனு ஒன்று பாக்கி இருக்கிறதே என்று மிருதுளா எங்கள் நகருக்கு வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தசரதன் வீட்டு கேட்டைத் திறந்தார். உள்ளே ஆகாயத்தாமரை மிதந்தது. துளசி மாடத்தின் மேல் ஒரு கொக்கு நின்றது. சமையலறைப் பக்கமிருந்து தவளைச் சத்தம் வந்தது.

"எத்தனை மாசமா தண்ணி நிக்குது?" என்று கேட்டார்.

"வருஷத்துல நாலு மாசம் நிக்கும்மா," என்றார் தசரதன். தன் கஷ்டத்தை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறாரே என்று அவர் இன்னும் ஓரடி உள்ளே அழைத்துப் போனார். "மீன்கூட வந்துடுச்சு. இதோ பாருங்க."

"மீனா! அப்ப ஃபுல் ஈக்கோ சிஸ்டம் இருக்கு!"

"அது எங்க ஹால்மா," என்றார் டீச்சர்.

மிருதுளா அதைக் கேட்கவில்லை. போனில் முதல் மாடியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் தினகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். கொக்கைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மிருதுளாவைப் பார்த்தார். இரண்டு பேரும் தண்ணீரில் நின்றபடியே கை குலுக்கிக்கொண்டார்கள். உலக நாடுகள் எல்லாம் கூடிக் கூடிப் பேசியும் தீராத வளர்ச்சி - காலநிலைச் சண்டை, தசரதன் வீட்டு ஹாலில் இப்படியாகத் தீர்ந்தது. வணிக வளாகத்துக்கு அனுமதி கிடைத்தது. வார்டுக்கு ஓர் ஏரி கிடைத்தது.

மறுவாரம் தசரதனுக்கு நோட்டீஸ் வந்தது. 'வளர்பிறை நகர் ஏரி எனப்படும் நீர்நிலையின் உள்ளே தாங்கள் ஹால் ஒன்று, படுக்கையறை இரண்டு, சமையலறை ஒன்று ஆகியவற்றை அமைத்து ஆக்கிரமித்துள்ளது கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. மேலும், மோட்டார் வைத்து நீரை வெளியேற்றி மேற்படி நீர்நிலையை அழிக்க முயன்று வருவதும் கவனத்துக்கு வந்துள்ளது. உடனடியாக மோட்டாரை நிறுத்தி, ஆக்கிரமிப்பை அகற்றிக்கொள்ளவும்.'

அநியாயம், அக்கிரமம் என்று சங்கக் கூட்டத்தில் கத்தினோம். ஆர்ப்பாட்டம் நடத்துவது என்று தீர்மானமே போட்டுவிட்டோம். அப்போது ஸ்ரீநிவாசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம். எமோஷனலா பேசக் கூடாது. ப்ராசஸா பாக்கணும். அது ஏரின்னா, நம்ம வீடெல்லாம் என்ன?"

யாருக்கும் புரியவில்லை.

"லேக் வியூ," என்றார்.

ஒவ்வொருவரும் மனசுக்குள் பால்கனியை அந்தப் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தோம். ஆர்ப்பாட்டத் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாளே ஒரு வீட்டு வாசலில் 'ஏரிக்கரை இல்லம்' என்று பலகை மாட்டியாயிற்று. காலையில் பைனாகுலரும் தொப்பியுமாகப் பறவை பார்க்கக் கிளம்பினோம். டீச்சர் துணி உலர்த்த மாடிக்கு வந்தால், பறவைகள் மிரள்கின்றன என்று அவரைக் கீழே போகச் சொன்னோம். நகரின் குழந்தைகளுக்கு 'நம் ஏரியைக் காப்போம்' என்று ஓவியப் போட்டி வைத்தோம். முதல் பரிசு பெற்ற படத்தில் ஏரி இருந்தது, கொக்கு இருந்தது, ஓரமாக மோட்டாருடன் ஒரு கெட்டவர் இருந்தார். அவருக்குத் தசரதன் மாதிரியே மீசை.

விசாரணை நாள் வந்தது. ஒரே மேஜைக்குப் பின்னால் தினகரனும் மிருதுளாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தட்டில் பிஸ்கட்.

"இருபது வருஷமா வீட்டு வரி கட்டறேன் சார்," என்றார் தசரதன்.

"ஏரிக்குள்ள இருந்துகிட்டு வீட்டு வரி கட்டியிருக்கீங்க. அரசாங்கத்துக்குத் தப்பான தகவல் குடுத்திருக்கீங்க," என்றார் தினகரன். "அதுக்குத் தனியா நடவடிக்கை எடுக்கலாம். மனிதாபிமானத்தோட விட்டுடறோம்."

"கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு. ஏரியில ஜன்னல் இருக்குமா?"

"அதைத்தான் சார் ஆக்கிரமிப்புன்னு சொல்றோம்."

டீச்சர் எழுந்தார். "இந்த வார்டுல எல்லா வீடும் ஏரி மேலதான் நிக்குது. எங்க வீட்டை மட்டும் எப்படி எடுக்கறீங்க?"

இதற்கு மிருதுளா பதில் சொன்னார். மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல. "மேடம், ஏரியில எல்லாரும் வீடு கட்டிட்டா அது ஆக்கிரமிப்பு இல்லை, நகர வளர்ச்சி. ஒருத்தர் மட்டும் காலி பண்ணா அது காலநிலை நடவடிக்கை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நாமதான் நினைச்சுட்டு இருந்தோம்."

தசரதன் எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்களைக் கேளுங்க. எங்க பக்கத்துல குடியிருக்கறவங்க. என் வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்காங்க. இவங்க சொல்லட்டும், அது வீடா, ஏரியான்னு."

ஸ்ரீநிவாசன் எங்கள் எல்லாருடைய கையெழுத்தோடும் கூடிய மனுவை மேஜைமேல் வைத்தார். எங்களுக்கு நினைவு தெரிந்த நாளாக அது ஏரிதான் என்று அதில் இருந்தது. "சார் ரொம்ப நல்ல மனுஷர்," என்றார் அவர். "ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கே." என் கையெழுத்தும் அதில் உண்டு. இணைச் செயலாளர் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அவர்கள் பொத்தேரியில், கல்லூரிப் பசங்கள் தங்கியிருக்கிற கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் வாடகைக்குப் போனார்கள். போகிற நாளில் டீச்சர் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஸ்ரீநிவாசன் பக்கத்தில் போய் ஆறுதல் சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா. தசரதன் ஏரின்னு பேர் வைக்கச் சொல்லியிருக்கேன். பேரு நிலைச்சு நிக்கும்."

"நாங்க ஏரி வெட்டலை சார். வீடு கட்டினோம்," என்றார் டீச்சர்.

எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். மாலை வெயில் தண்ணீரில் பட்டு அழகாக இருந்தது. கஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது.

கோடையில் ஏரி வற்றியது. ஏரியென்றால் கரை வேண்டாமா? துரைராஜ் ஒப்பந்தம் எடுத்து, தசரதன் மனையைச் சுற்றி மார்பு உயரத்துக்குக் கான்கிரீட்டில் கரை கட்டினார். அதன் மேல் நடைபாதை, பூச்செடி, உடற்பயிற்சிக் கம்பி, 'ஏரிக்குள் இறங்குவது தண்டனைக்குரியது' என்று பலகை எல்லாம் வந்தன. தண்ணீர் உள்ளே வருவதற்கு வழி எங்கே என்று கேட்டேன்.

"அது ரெண்டாவது கட்டத்துல வருது சார்," என்றார் துரைராஜ். "மொதல்ல நடக்கறதுக்கு வழி. தண்ணி வர்றதுக்கு வழி, வூட்டை இடிக்கறது எல்லாம் அப்பால."

நாங்கள் நடந்தோம். அந்தப் பக்கம் வணிக வளாகமும் எழும்பிக் கால்வாயை மூடிக்கொண்டது. அடுக்குக்கு அடுக்கு மின்விளக்கு எரிந்தது. காலையில் ஏரியைச் சுற்றி நடப்பதும், சாயங்காலம் வளாகத்தில் காபி குடிப்பதுமாக, வளர்ச்சியையும் காலநிலையையும் ஒரே நாளில் அனுபவித்த ஒரே நகர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. எட்டுத் தெருத் தண்ணீரும் வழக்கம் போல மூன்றாவது தெரு முனைக்குப் போனது. அங்கே கரை இருந்தது. கால்வாய்ப் பக்கம் போனது. அங்கே வளாகம் இருந்தது. திரும்பி எங்களிடமே வந்தது. தூக்கின வீடு, தூக்காத வீடு என்ற பேதம் அது பார்க்கவில்லை. ஸ்ரீநிவாசனுடைய நாலடியும் முழுகி, சோபா மிதந்தது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லாரும் கரைமேல் ஏறினோம். உடற்பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தோம்.

ஏரிக்குள் தண்ணீர் இல்லை. வானத்திலிருந்து நேராக விழுந்தது மட்டும் முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு நின்றது. வீடு, படிக்கட்டு, வாசல் எல்லாம் அப்படியே இருந்தன. நனையாமல் நிற்பதற்கு வளர்பிறை நகர் முழுவதிலும் அது ஒன்றுதான் இடம். பலகையைத் தாண்டிக்கொண்டு உள்ளே குதித்து, தசரதன் வீட்டு வராந்தாவில் நெருக்கியடித்து நின்றோம். சாரல் அடித்தது. கதவு பூட்டியிருந்தது. நான் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"மேடம், வீட்டுச் சாவி வேணும்."

"எந்த வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"அது ஏரியாச்சே சார். ஏரிக்கு ஏது சாவி?"

எனக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. "குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க மேடம். எல்லாம் நனைஞ்சு நடுங்குதுங்க."

"வர்றோம்," என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் ஒரு படகு வந்தது. கோவளத்திலிருந்து மீட்பு வேலைக்கு வந்திருந்த மீனவர் ஜெஃப்ரி ஓட்டிவந்தார். தசரதனும் டீச்சரும் அதில் இருந்தார்கள். வழியில் ஏறிக்கொண்ட தினகரனும் மிருதுளாவும் ஆரஞ்சு உடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். படகு கரை ஓரமாக வந்து நின்றது.

"இன்னா சார் இது பேஜாரா கீது," என்றார் ஜெஃப்ரி. "தெருவுல தண்ணி கீது. ஏரியில ஜனம் கீது. படகை எங்க வுடறது?"

தசரதன் கரையேறி வந்து கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் திமுதிமுவென்று உள்ளே போனோம். டீச்சர் பரணிலிருந்து பழைய போர்வைகளை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். வாசலில் நின்ற மிருதுளா எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்.

"ஏரிக்குள்ள இவ்வளவு ஆக்கிரமிப்பா? எல்லாருக்கும் நோட்டீஸ் குடுக்கணுமே!"

"மேடம், இது ஏரி இல்லை, வீடு!" என்று ஸ்ரீநிவாசன் அலறினார். "கதவைப் பாருங்க! ஜன்னலைப் பாருங்க! நாலு சுவரு இருக்கு, ஃபேன் இருக்கு! எங்களுக்கு நினைவு தெரிஞ்ச நாளா இது தசரதன் சார் வீடு!"

"வீடு! வீடு!" என்று நாங்கள் எல்லாரும் கத்தினோம். இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் நகர் ஒரு விஷயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. தசரதன் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தினகரன் நாடியைத் தடவிக்கொண்டார். "வீடுன்னா வேற பிரச்சனை இருக்கே. ஏரியா இருந்தா, இந்தக் கரையை இப்பவே வெட்டிவிட எனக்கு அதிகாரம் உண்டு. வெளியில நிக்கற தண்ணி உள்ள வந்துடும். உங்க வீடுகள்ல கொஞ்சம் வடியும். இது வீடுன்னா நான் கை வைக்க முடியாது. நீங்களே சொல்லுங்க."

"எவ்வளவு சார் வடியும்?" என்று கேட்டேன்.

"இந்த ஒரு மனைதானே. அரை இஞ்சு வடியலாம்."

அவரவர் வீட்டுச் சோபாவையும் ஃப்ரிட்ஜையும் நினைத்துக்கொண்டோம். அரை இஞ்சு என்பது சின்ன விஷயம் இல்லை. அரை இஞ்சில் ஒரு ஃப்ரிட்ஜ் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்ரீநிவாசன்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"ப்ராசஸா பார்த்தா," என்றார், "இது ஏரிதான்."

"ஏரிதான், ஏரிதான்," என்றோம் நாங்கள்.

தினகரன் போன் செய்ததும், வெளியே வந்து சேர்ந்த துரைராஜின் ஆட்கள் கடப்பாரையைத் தூக்கினார்கள். கான்கிரீட் என்று பெயர்தான், நாலாவது அடியிலேயே கரை விட்டுக்கொடுத்துவிட்டது. தண்ணீர் வாசல் வழியாக ஹாலுக்குள் வர ஆரம்பித்தது. குழந்தைகளை முன்னால் விட்டு, போர்வைகளையும் எடுத்துக்கொண்டு, நாங்கள் எல்லாரும் மொட்டைமாடிப் படியில் ஏறினோம். மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூரை போட்ட இடம் இருந்தது. கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் எல்லாருக்கும் போதும்.

தசரதன் மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஹால் நடுவில் நின்றார். டீச்சர் அவர் பக்கத்தில் நின்றார். தண்ணீர் அவர்கள் முழங்காலைத் தொட்டது. பாவம், ஸ்ரீநிவாசனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பாதிப் படி இறங்கி வந்து, கையை நீட்டி அன்போடு கூப்பிட்டார்.

"ஏன் சார் அங்கேயே நிக்கறீங்க? மேலே வாங்க. கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."